விலகிய நாட்டிலிருந்து மண்டி மொஹல்லாவுக்கு

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. ஊதுபத்தி, சாம்பிராணி, குங்குமம், விளக்குத் திரி என்று பூஜைக்கு வேண்டியதை விற்கிறோம். கடைக்கு நடந்து வருகிறவர்களை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. தபாலில் வாங்குகிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டார்கள். அயர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி என்று எங்கெங்கோ இருக்கும் வீடுகளுக்கு எங்கள் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு விலகிய பிறகு அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. சுங்கத்தில் வாரக்கணக்கில் நிற்கும். கடைசியில் மூலை நசுங்கி எங்கள் வாசலுக்கே வந்து சேரும். வாங்கியவர்கள் முதலில் வருத்தப்பட்டார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அந்த ஊதுபத்திகளைச் செய்து அனுப்புகிறவர் மைசூரில் மண்டி மொஹல்லா என்னும் பேட்டையில் இருக்கும் மாதேஸ்வரன். கடை ஆரம்பித்ததிலிருந்து அவரிடம்தான் சரக்கு. ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போனில் அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். இனிமேல் பாதிச் சரக்குதான் வாங்க முடியும் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். எத்தனையோ தடவை போனை எடுத்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

கரூரில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அது முடிந்ததும் மைசூருக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். "போன்ல சொல்ற விஷயத்துக்கு அங்க வரைக்கும் எதுக்குப் புள்ள போற?" என்றார் என் கணவர் சண்முகம். அவருக்கு முழங்கால் சரியில்லை, கடையையும் பார்க்க வேண்டும். என்னை மட்டும் விமானம் ஏற்றிவிட்டார்.

மைசூருக்கு அதற்கு முன் நான் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டிப்போன வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. திரும்பி வந்த பிள்ளைகள் அரண்மனை விளக்குகளைப் பற்றியே பேசிப் பேசி என்னை அழ வைத்தார்கள். அதனால் ரயிலடியில் இறங்கியபோது, தலை நரைத்த பிறகு சுற்றுலாவுக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

ஆட்டோக்காரர் "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார். கன்னடத்தில் அது வாங்க என்று தெரிந்திருந்தும் ஒரு கணம் சுருக்கென்றது. அவர் கன்னடத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அவர் இரண்டும் கலந்த ஒன்றில் பேசிக்கொண்டே ஓட்டினார். மண்டி மொஹல்லாவுக்குள் நுழைந்து ஒரு சந்தில் திரும்பியதும் எல்லாம் நின்றது. முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ. அதில் மரக்கட்டில் ஒன்றை அகலவாட்டில் ஏற்றியிருந்தார்கள். கட்டில் கால் கரண்ட் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் ஸ்கூட்டர்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கட்டிலைத் திருப்பச் சொன்னார். ஒருவர் கம்பத்தைத் திட்டினார். டீக்கடையிலிருந்து ஒருவர் டம்ளரோடு வந்து நின்று, நிதானமாகக் குடித்துக்கொண்டே பார்த்தார். யார் முகத்திலும் கோபமில்லை. கவென்ட்ரியில் இப்படி ஒன்று நடந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரவர் வண்டிக்குள் மௌனமாக உட்கார்ந்திருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட மாட்டோம்.

"நீங்க நடந்துருங்க அம்மா. இது இன்னைக்கு முடியாது" என்றார் ஆட்டோக்காரர்.

இறங்கிப் பெட்டியை இழுத்தேன். நாலு கடை தாண்டுவதற்குள் சக்கரம் ஒன்று கழன்று சாக்கடைப் பக்கம் உருண்டது. அதைத் துரத்துவதா பெட்டியைப் பிடிப்பதா என்று நின்றபோது, ஒல்லியான ஒரு மனிதர் ஓடிவந்து சக்கரத்தைக் காலால் மடக்கிப் பிடித்தார். அரைக்கைச் சட்டை. கையெல்லாம் கரித்தூள்.

"அக்கா, நாந்தானுங்க மாதேசு. போட்டோல இருந்ததைவிட இளைச்சுப் போயிட்டீங்க."

குரல் மட்டும் பல வருஷப் பழக்கம், முகம் அன்றுதான் புதிது. கண்ணை மூடிக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

அவர்களுடைய சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஹனூர் பக்கம் ராமாபுரம். பேச்சு எங்கள் கரூர்ப் பேச்சைப் போலவே "ங்க" போட்டு முடியும். நடுவில் மட்டும் கன்னடச் சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே கடை, மேலே வீடு. அவர் மனைவி சரோஜா ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும் செய்து வைத்திருந்தாள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் கரூர்க்காரி என்று மாதேஸ்வரன் ஞாபகப்படுத்தியதும் சிரித்துவிட்டு இன்னொரு உருண்டை வைத்தாள். அன்று விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வயிறு நிறைய அவர்கள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எப்படிச் சொல்வது என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் என்னை மசால் தோசைக்குக் கூட்டிப்போனார்கள். கல்லிலிருந்து வந்த தோசையின் உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவியிருந்தது, மேலே வெண்ணெய் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் கன்னடத்தில் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அரசியலா என்று சரோஜாவிடம் கேட்டேன். "இல்லைங்கக்கா. முன்னெல்லாம் வெண்ணெய் நிறைய வெச்சாங்கன்னு அவரு சொல்றாரு. இல்லை, உனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு இவரு சொல்றாரு" என்றாள்.

அங்கிருந்து ஊதுபத்தி உருட்டும் கொட்டகைக்குப் போனோம். ஊருக்கு வெளியே ரிங் ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளமான கட்டிடம். அதை நடத்துவது சரோஜா. பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, முன்னால் ஒரு பலகை வைத்து, கரித்தூள் மாவை மூங்கில் குச்சியின்மேல் உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் பத்தி உருண்டு வந்தது. நானும் உட்கார்ந்து முயன்றேன். நான் செய்ததைப் பார்த்து ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதிப் பாய்கள் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தன. நான் அவற்றையே பார்ப்பதை மாதேஸ்வரன் பார்த்தார். ஆனால் வேறு விஷயம் பேசினார்.

"ஒரு காலத்துல இந்தப் பாயே தேவைப்படலைங்க. வியட்நாம்ல இருந்து உருட்டின பத்தி கண்டெய்னர்ல வரும். நாம சென்ட்ல முக்கிக் காய வெச்சு டப்பால போட்டாப் போதும். அவங்க நாடுகளோட நமக்கு ஒப்பந்தம் இருந்துச்சு. வரி கம்மி. சல்லிசா வந்துச்சு."

"சல்லிசா வந்துச்சு, என் பொம்பளைங்க எங்க போனாங்கன்னும் சொல்லுங்க" என்றாள் சரோஜா. "பாதிப் பேரு வீட்டு வேலைக்குப் போனாங்க அக்கா. பாதிப் பேரு சித்தாள் வேலைக்கு. அப்புறம் கவர்மென்ட் அந்தப் பத்தி வர்றதுக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. கிழக்கு நாடுகள் எல்லாம் சேர்ந்து பெரிய வியாபாரக் கூட்டு போட்டப்பவும் நம்ம நாடு எந்திரிச்சு வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் இவங்க எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தாங்க."

"வந்தாங்க, சரி. மூங்கில் குச்சி எங்கிருந்து வருது? அதுவும் அங்கிருந்துதான். அதுக்கும் வரியை ஏத்தினாங்களே. நாம கதவைச் சாத்தினா அவனும் சாத்துவான். நம்ம பொருள் எப்படி வெளிய போகும்?"

"கதவு திறந்திருந்தப்ப என்ன போச்சு? உள்ளதான் வந்துச்சு."

இது அவர்களுக்குள் பல நாளாக நடக்கும் பேச்சு என்று தெரிந்தது. உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவே இல்லை. ஆனால் சரோஜா பேசும்போது அவர்கள் கை கொஞ்சம் மெதுவானது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றேன். சண்முகம் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். ஐரோப்பாவுக்குள் எல்லை கிடையாது என்பதால் முதலாளி ஒருநாள் மொத்த மெஷினையும் கழற்றிப் போலந்துக்கு அனுப்பிவிட்டார். இவரே நின்று நட்டு போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் கடை வைத்தது. விலகலாமா வேண்டாமா என்று நாடு முழுக்க ஓட்டுக் கேட்டபோது அவர் விலக வேண்டும் என்று போட்டார். நான் வேண்டாம் என்று போட்டேன். ஒரே குடையில் போய், ஒரே குடையில் திரும்பி வந்தோம். கூட்டில் இருந்ததால் அவருக்கு வேலை போனது. விலகியதால் கடைக்கு வாடிக்கை போனது. யார் சொன்னது சரி என்று இன்றுவரை எங்கள் வீட்டில் முடிவாகவில்லை.

மத்தியானம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே கடையைத் திறந்ததும் அவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, நாங்க எல்லாம் உங்களைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கோம்" என்றாள் சரோஜா. "நீங்க வெளிய வரணும்னு ஓட்டுப் போட்டீங்களாமே. சரியாத்தான் போட்டிருக்கீங்க. வேலை போனவங்களுக்குத்தான் அது தெரியும்."

இத்தனை வருஷத்தில் எங்கள் தெருவில்கூட யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. "கேட்டியா வசந்தி? மைசூர்ல இருக்கிற பொண்ணுக்குத் தெரியுது" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "இப்பப் பாரும்மா, தனியா வந்ததாலதான் இந்தியாவோட நேரா ஒப்பந்தம் போட முடிஞ்சுது. உங்க சரக்கு இனி இங்க லேசா வரும்."

"இங்க வரும் அண்ணா. அங்கிருந்து அயர்லாந்துக்கு எப்படிப் போகும்?" என்றார் மாதேஸ்வரன்.

"அதான் தம்பி நானும் கேக்கறேன்" என்றேன்.

கட்சி இரண்டாகப் பிரிந்தது. நானும் மாதேஸ்வரனும் ஒரு பக்கம், சரோஜாவும் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம். போனைச் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். யாரும் யாரையும் மாற்றவில்லை. கடைசியில் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று அவர்தான் வைத்தார்.

மாதேஸ்வரன் வேனில் சரக்கு ஏற்றப் போனதும் சரோஜா என்னைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே பத்திகள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு அவருக்குத் தெரியும். பாவம், எப்படிச் சொல்லப் போறாங்களோன்னு நீங்க வர்றதுக்கு முன்னாடியே கவலைப்பட்டுட்டு இருந்தாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. அதை அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். டப்ளின்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. டப்பா மேல நம்ம நம்பர் இருக்குதில்லைங்களா, அதைப் பாத்து. உங்ககிட்ட இருந்து வர மாட்டேங்குது, நேரா எனக்கு அனுப்புறீங்களான்னு கேட்டாங்க. இவரு 'நோ மேடம், அக்கா ஷாப்'னு வெச்சுட்டாரு. அவங்க மறுபடி மறுபடி பண்றாங்க. இவரு எடுக்கிறதே இல்லை."

அது மோரீன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அயர்லாந்தில், டப்ளினில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறவள். எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் ஒருத்தி. அவள் கூப்பிட்டால் போனை நான் எடுத்தாலும் சண்முகத்திடம் கொடுத்துவிடுவேன். அவள் அவருடைய வாடிக்கை ஆள்.

"எனக்குக் கோவமா வருது அக்கா" என்றாள் சரோஜா. "இங்க பாயைச் சுருட்டி வெச்சிருக்கேன். அங்க ஒருத்தி வேணும் வேணும்னு கேக்கறா. நடுவுல இவரு மரியாதை பாத்துட்டு உட்கார்ந்திருக்காரு. உங்க மேல கோவமில்லை. ஆனா யார்கிட்டயாவது சொல்லணும்ல?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையிலும் கரி. என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் மாதேஸ்வரன் குண்டலுபேட்டைக்குக் கிளம்பினார். எங்கள் ஆர்டர் குறைந்த பிறகு அவர் கேரளாவில் ஒரு ஆளைப் பிடித்திருந்தார். அந்த ஆள் வயநாட்டிலிருந்து குண்டலுபேட்டை வரை வந்து சரக்கை மாற்றிக்கொண்டு போவார். நானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியில் தனியாகப் பேசிவிடலாம் என்பது என் எண்ணம்.

நஞ்சன்கூடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேன் புகைய ஆரம்பித்தது. அவர் ஓரங்கட்டி மூடியைத் தூக்கினார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் செண்டுமல்லி வயல், கண் கூசுகிற ஆரஞ்சு. வயலிலிருந்து ஒரு விவசாயி குடத்தோடு வந்தார். பேர் சிவண்ணா. தண்ணீரை ஊற்றிவிட்டு, இஞ்சின் ஆறும்வரை வரப்பில் உட்காரச் சொன்னார். உரித்த வேர்க்கடலை கொடுத்தார். அவர் பேசியது கன்னடம், மாதேஸ்வரன் எனக்குத் தமிழில் சொன்னார்.

இந்தப் பூ எல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன்.

"கேரளாவுக்கு. கொரோனா வந்தப்ப வண்டி போகல. பூத்து நின்னதை அப்படியே வயல்ல வெச்சு உழுதேன். ரோடு திறந்திருந்தா இது பூ. மூடினா எரு."

அப்படியானால் எல்லைகள் திறந்தே இருக்க வேண்டும் என்கிறீர்களா என்றேன், எனக்கு ஒரு ஓட்டுக் கிடைத்த மகிழ்ச்சியில். சிவண்ணா கடலைத் தோலை ஊதிவிட்டு யோசித்தார்.

"திறந்துதான் இருக்கணும். ஆனா நாசிக்ல இருந்து தக்காளி வருது பாருங்க, அப்ப மட்டும் மூடணும். போன வருஷம் தக்காளியும் போட்டிருந்தேன்."

மாதேஸ்வரன் அதை மொழிபெயர்க்கும்போதே சிரித்துவிட்டார். சிவண்ணாவும் சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

குண்டலுபேட்டையில் கேரளத்து ஆள் காத்திருந்தார். பெட்டிகளை மாற்றி ஏற்றியதும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். யாரும் எதையும் நிறுத்தவில்லை. முன்பெல்லாம் மாநில எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள் என்றார் மாதேஸ்வரன். நாடு முழுக்க ஒரே வரி என்று வந்த பிறகு அது போய்விட்டதாம். எங்கள் பக்கம், பிரான்சுக்குக் கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்தில் இப்போதுதான் அந்த வரிசை ஆரம்பித்திருக்கிறது என்றேன். ஒரு கடையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

இனி பாதிதான் வாங்க முடியும் என்றேன். அவர் தலையாட்டினார். மோரீனுக்கு நீங்களே நேராக அனுப்புங்கள் என்றேன். அதற்குத் தலையாட்டவில்லை.

"அவங்க உங்க ஆளுங்கக்கா."

"எங்ககிட்ட வந்து போனா ரெண்டு தடவை வரி, ரெண்டு தடவை காகிதம். உங்ககிட்ட இருந்து போனா ஒரு தடவைதான். எங்களைச் சுத்திக்கிட்டுப் போகணும்னு இனிமே ஒண்ணுமில்லை தம்பி."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரம்பத்துல ஒரு லோடு மழையில நனைஞ்சு ஈரமா வந்து சேர்ந்துச்சு, ஞாபகம் இருக்குங்களா? திருப்பி அனுப்பியிருந்தா நான் அன்னைக்கே தொழிலை விட்டுட்டு ராமாபுரம் போயிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டு ஹீட்டர் மேல பரப்பிக் காய வெச்சு வித்தீங்க. அண்ணன் போன்ல சிரிச்சுட்டே சொன்னாரு, பக்கத்து வீட்டுக்காரன் கோயில் கட்டறீங்களான்னு கேட்டான்னு. அந்த அண்ணனோட ஆளை நான் எப்படிங்க எடுத்துக்கறது?"

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் போர்வையிலும் ரொட்டியிலும்கூடச் சந்தன வாசனை இருந்தது. அதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

"நீங்க எடுத்துக்கலை, நாங்க கொடுக்கறோம்" என்றேன்.

"அண்ணன்கிட்டக் கேக்காம வேண்டாங்க" என்று எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மத்தியானம் மண்டி மொஹல்லாக் கடையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து கவென்ட்ரிக்குப் போன் போட்டோம். அங்கே அப்போதுதான் விடிந்து, அவர் கடை ஷட்டரைத் தூக்கும் நேரம். வெளியே யாரோ வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த சத்தம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுருட்டி வைத்த பாய்களையும் சொன்னேன்.

"மோரீனையா?" என்றார்.

"ஆமாங்க."

"புது ஒப்பந்தம் வந்திருச்சு புள்ள. ஐரோப்பாக்காரனோடவும் பேசிட்டுத்தான் இருக்காங்க. கொஞ்சம் பொறுத்தா எல்லாம் சரியாயிரும். இப்பப் போய் ஆளைக் கொடுத்துட்டா அப்புறம் திரும்பி வருமா?"

"வராதுங்க. ஆனா நமக்காக அவங்க பொறுக்கணும்னு என்ன இருக்கு? சரோஜா பொறுக்கணும்னு என்ன இருக்கு?"

சரோஜா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணா, உங்களுக்கு மனசு இல்லைன்னா வேண்டாம். நான் சமாளிச்சுக்கறேன்."

"மெஷினைக் கழட்டி லாரில ஏத்தினப்ப," என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார், "அந்தப் பக்கம் யாரு நின்னு இதை மாட்டப் போறாங்கன்னு நான் நினைச்சுப் பாக்கவே இல்லம்மா. யாரோ ஒரு பேரு தெரியாத ஆளு. இப்ப பேரு தெரியுது, குரலும் தெரியுது. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" கொஞ்சம் இருமினார். "தம்பி இருக்கானா பக்கத்துல?"

"இருக்கேங்கண்ணா."

"அந்தம்மா லிஸ்ட்ல சந்தனம்னு இருக்கும். கடைக்கு எடுத்துக்கட்டும். ஆனா அவங்க வீட்டுக்குன்னு ஒரு சின்ன டப்பா தனியா வெப்பேன். அதுல சந்தனம் வெச்சுராத. அவங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு வீடு பூரா சந்தனம்தான் ஏத்தி வெச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த வாசம் வந்தா அவங்களால அந்த ரூம்ல இருக்க முடியலை. அதை ஒரு தடவை பேச்சுவாக்கில சொன்னாங்க. அன்னையில இருந்து நான் மல்லிகை வெக்கறேன். அவங்களா கேக்க மாட்டாங்க. நாமதான் பாத்து வெக்கணும்."

எனக்கு இது தெரியாது. ஒரே கடையில், ஒரே மேசையில் நான் ஒட்டிய பெட்டிகள் அவை. உள்ளே ஒரு சின்ன டப்பா தனியாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

மாதேஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரி இன்னும் நன்றாகப் பரவியது. "சரிங்கண்ணா. மல்லிகைங்க" என்றார்.

"அதுக்காக வெளிய வந்தது தப்புன்னு நான் சொல்லலை" என்றார் சண்முகம்.

"நானும் சொல்லலைங்கண்ணா" என்றாள் சரோஜா.

நான் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் மைசூரிலிருந்து முதல் பெட்டி டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பெல்ஜியத்துக்காரரையும் கொடுத்துவிட்டோம். சரோஜா போட்டோ அனுப்பினாள். சுவரோரம் இருந்த பாய்களில் சில விரித்திருந்தன, எல்லாம் அல்ல. எங்கள் கடை சிறியதாகிவிட்டது. பின்னறையை ஒரு தையல்காரிக்கு விட்டிருக்கிறோம். எங்கள் வாக்குவாதத்தை அவளும் கேட்கிறாள். அவள் ருமேனியாக்காரி. மூன்றாவதாக ஒரு கட்சி வைத்திருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மோரீன் கடைக்குப் போன் செய்தாள். நான் எடுத்தேன். சரக்கு வந்ததா என்று கேட்டேன். வந்தது, நன்றி என்றாள். பிறகு சண்முகம் இருக்கிறாரா என்று கேட்டாள். போனைக் கொடுத்தேன். அவர் வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். அவளிடம் விற்பதற்கு அவரிடம் இப்போது ஒன்றுமில்லை, அவள் வாங்குவதற்கும் ஒன்றுமில்லை. நான் உள்ளே விளக்குத் திரிகளை அடுக்கி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.